எத்தனை கிராம் வெந்தயம்?

மொரீஷியசில் யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சு சுற்றிச் சுற்றி சர்க்கரை நோயில் வந்து நிற்கும். தேநீர் ஆறுவதற்குள் ஒருவராவது தன் கைமருந்தைச் சொல்லிவிடுவார். ஒருவர் வெந்தயத்தை இரவில் ஊறப்போட்டுக் காலையில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார். இன்னொருவருக்குப் பாகற்காய்ச் சாறு. இங்கே அதை மார்கோஸ் என்பார்கள். மூன்றாமவர் பட்டைத்தூளைத் தேநீரிலேயே கலக்கிவிடுகிறார். போர்ட் லூயி சந்தைக்குள் திசான் கடைகள் இருக்கின்றன. காய்ந்த இலை, பட்டை, வேர் என்று குவித்து வைத்திருப்பார்கள், எந்த நோய்க்கு எது என்று அட்டையில் எழுதியிருக்கும். 'டியாபெத்', அதாவது சர்க்கரை நோய், அட்டையின் முன்னால் ஆள் இல்லாத நேரத்தை நான் பார்த்ததில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி ரோஸ் ஹில்லுக்கு வந்தவள். மாமியாருக்குச் சர்க்கரை, அவர் தங்கைக்குச் சர்க்கரை, என் கணவர் எல்லைக்கோட்டில் நிற்கிறார். அதனால் இந்தக் கைமருந்துப் பேச்சை வேடிக்கையாகக் கேட்டுவிட்டுப் போக முடியவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் அப்படித்தான் வந்தது. நான் மருத்துவர் இல்லை. ஆனால் அடுப்படி என் கையில் இருக்கிறது, சமையலறைத் தராசும் இருக்கிறது. படிக்கப் படிக்க என்னிடம் மிஞ்சிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை கிராம்?

அதற்கு முன்னால் ஒரு கணக்கு. 1987இல் இந்தத் தீவில் சர்க்கரை நோயைப் பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. நோய் இருந்தவர்கள் இந்துக்களில் 12.4 சதவீதம், முஸ்லிம்களில் 13.3, கிரியோல் மக்களில் 10.4, சீனர்களில் 11.9. நான்கு பேர் சமையலும் வேறு வேறு. எங்கள் வீட்டில் வெந்தயமும் மஞ்சளும் இல்லாத நாள் கிடையாது. சீனர் வீட்டு அடுப்பில் அவை ஏறுவது அபூர்வம். நோய் மட்டும் எல்லார் வீட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்திருக்கிறது. 2009இல் திரும்ப எடுத்தபோது பெரியவர்களில் ஐந்தில் ஒருவரைத் தாண்டிவிட்டது. நம் மசாலா டப்பா நம்மைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த எண்கள்தான் ஞாபகம் வரும்.

அதற்காக வெந்தயத்தைக் குப்பையில் கொட்ட வேண்டியதில்லை. இருக்கிற சரக்குகளிலேயே சாட்சி சொல்ல ஓரளவு தகுதி உள்ளது அதுதான்.

வெந்தயத்தில் பாதிக்குப் பாதி நார்ச்சத்து. அதில் ஒரு பெரும்பங்கு நீரில் கரையும் வகை, காலக்டோமன்னன் என்று பெயர். ஊறப்போட்ட வெந்தயத்தைத் தொட்டால் வழவழவென்று இருக்கிறதே, அதுதான். வயிற்றுக்குள்ளும் அது அப்படியே கூழாகி, சோறு இரைப்பையை விட்டு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. குடலில் மாவுச்சத்து உடைந்து குளுக்கோஸ் உறிஞ்சப்படும் வேகமும் குறைகிறது. இது போக, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஒரு அமினோ அமிலமும் வெந்தயத்தில் உண்டு.

இதை முறையாகச் சோதித்தவர்களில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்காரர்கள் முக்கியமானவர்கள். 1990இல் வெளியான அவர்கள் ஆய்வில், இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளிகளுக்கு எண்ணெய் நீக்கிய வெந்தய மாவை ரொட்டியில் கலந்து 10 நாள் கொடுத்தார்கள். வெறும்வயிற்றுச் சர்க்கரை குறைந்தது, சிறுநீரில் போகும் சர்க்கரை பாதிக்கு மேல் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அளவைப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 100 கிராம். பிறகு நடந்த ஆய்வுகளில் 25 கிராம், 10 கிராம் என்று இறக்கினார்கள். அப்போதும் பலன் தெரிந்தது, கொஞ்சம் அடக்கமாக.

இப்போது நம் சாம்பாருக்கு வருவோம். நான்கு பேருக்கான சாம்பாரில் அரைத் தேக்கரண்டி வெந்தயம் போட்டால் அதிகம், கசந்துவிடும். அது 2 கிராம் வரும். தலைக்கு அரை கிராம். 10 கிராமைத் தொட ஒருவர் எத்தனை கிண்ணம் சாம்பார் குடிக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தாளிப்பில் விழும் வெந்தயம் வாசனைக்கு. சர்க்கரையைத் தொட வேண்டுமென்றால் அதைச் சாப்பாடாகவே சாப்பிட வேண்டும்.

அத்தை, அதாவது என் மாமியார், பல காலமாக ஒரு கரண்டி வெந்தயத்தை ஊறப்போட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு விதையைத் துளசித் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். நாரில் பெரும்பகுதி விதையோடு தொட்டிக்குப் போய்விட்டது. துளசி நன்றாக வளர்ந்தது. இப்போது விதையையும் மென்று விழுங்குகிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டே. நான் ஃபராத்தா மாவில் வெந்தயப் பொடியும் வெந்தயக் கீரையும் சேர்க்கிறேன். மோரில் கலந்தாலும் பரவாயில்லை, கசப்பு அவ்வளவாகத் தெரியாது. காலையில் விரலைக் குத்திப் பார்க்கும் எண்ணில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் எண் சில நாள் பரவாயில்லை. அந்த நாட்களில் சோறும் குறைவாக இருந்ததா, வெந்தயம்தான் செய்ததா என்று ஒரு வீட்டு மீட்டரை வைத்துத் தீர்ப்பு சொல்ல நான் துணியமாட்டேன். ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே மீட்டர் மில்லிமோலில் காட்டும், 18ஆல் பெருக்கினால் உங்கள் மில்லிகிராம் கணக்கு வரும். 7 என்று பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம்.

வெந்தயம் அதிகம் சாப்பிட்டால் வியர்வையிலும் சிறுநீரிலும் ஒரு கருகிய சர்க்கரைப்பாகு வாசம் வரும். சோட்டலோன் என்ற பொருள் செய்கிற வேலை. சர்க்கரை நோய்க்கு மருந்து தின்றவர் மேல் மிட்டாய்க் கடை மணக்கிறது. இதைச் சொல்லி எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்காத நாள் இல்லை.

அடுத்தது பட்டை. இந்தத் தீவைச் சர்க்கரை பிடிப்பதற்கு முன்னால் வாசனைச் சரக்குத் தீவாக்கப் பார்த்தார்கள். பிரெஞ்சு அதிகாரி பியேர் புவாவ்ர் 1770 வாக்கில் மொலுக்கத் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை வரவழைத்துப் பாம்பிள்முஸ் தோட்டத்தில் நடச்செய்தார். இன்றைக்கும் அங்கே போனால் வழிகாட்டி ஒரு இலையைக் கசக்கி முகரச் சொல்வார். அவர்கள் கனவு பலிக்கவில்லை, கரும்பு ஜெயித்தது. இருந்தாலும் பட்டை இங்கே எல்லார் சமையலறையிலும் உண்டு.

பட்டையின் புகழுக்கு வேர் 2003இல் பாகிஸ்தானில் நடந்த ஒரு ஆய்வு. சர்க்கரை நோய் உள்ள 60 பேர், நாளைக்கு 1, 3 அல்லது 6 கிராம் பட்டைத்தூள், 40 நாள். வெறும்வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் வரை குறைந்ததாகச் சொன்னார்கள். உலகம் முழுக்கப் பட்டை மாத்திரை விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது சிலவற்றில் பலன் வந்தது, சிலவற்றில் வரவில்லை. 2012இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு, சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டது.

எனக்குப் பிடித்த பட்டை ஆய்வு ஸ்வீடனில் நடந்தது, 2007இல். 14 ஆரோக்கியமான பேருக்கு ஒரு நாள் வெறும் அரிசிப் பாயசம், இன்னொரு நாள் 6 கிராம் பட்டை போட்ட அரிசிப் பாயசம். அவர்கள் அதைப் புட்டிங் என்பார்கள், பாலில் வெந்த அரிசிதானே, பாயசம் என்றே சொல்கிறேன். பட்டை போட்ட நாளில் இரைப்பை மெதுவாகக் காலியானது, சர்க்கரை ஏற்றமும் குறைந்தது. ஆனால் வயிறு நிறைந்த உணர்வில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பசி குறையும் என்று பட்டையை விற்பவர்கள் அந்தக் கடைசி வரியைப் படிப்பதில்லை. 6 கிராம் என்பது இரண்டு தேக்கரண்டிக்கு மேல். ஒரு கிண்ணம் பாயசத்தில் போட்டால் வாயில் மரத்தூள் போட்டதுபோல்தான் இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டை காசியா வகை, அதில் கூமரின் என்ற பொருள் உண்டு, அளவு மீறினால் ஈரலுக்கு ஆகாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை ஒரு நாளைக்குச் சரி என்கிறது. 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். காசியாவில் கிராமுக்குச் சுமார் 3 மில்லிகிராம் இருக்கலாம். ஆக 2 கிராமிலேயே எல்லை வந்துவிடுகிறது. காகிதம்போல் மெல்லிய, சுருள் சுருளாக இருக்கும் சிலோன் பட்டையில் கூமரின் மிகக் குறைவு. தினமும் போடுகிறவர்கள் அதை வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான்.

மஞ்சளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மஞ்சளில் மருந்தாகப் பேசப்படும் பொருள் குர்குமின், தூளில் அது சுமார் 3 சதவீதம்தான். குழம்பில் போடும் கால் தேக்கரண்டியில் 20 மில்லிகிராம் இருந்தால் பெரிது. ஆய்வுகளில் கொடுப்பது நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். அதுவும் உடலில் சரியாகச் சேராது. மிளகின் பைப்பரின் கூட இருந்தால் சேர்வது பல மடங்கு கூடும் என்று 1998இல் பெங்களூரில் காட்டினார்கள். சரி, மஞ்சளும் மிளகும் சேர்ந்தே போடுங்கள், ருசிக்கு நல்லது. அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்ற வேண்டாம்.

பசி விஷயத்துக்கு வருகிறேன். நான் உண்மையில் எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான்.

இணையத்தில் எங்கே பார்த்தாலும் மிளகாய், மிளகு, இஞ்சி எல்லாம் பசியை அடக்கும் என்று விற்கிறார்கள். எங்கள் பாட்டி கேட்டிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பாள். நம் வீட்டில் பசி எடுக்காத பிள்ளைக்குத்தானே சுக்கும் மிளகும் சீரகமும் தட்டி ரசம் வைத்தார்கள்? வாய்க்கு ருசி இல்லையென்றால் இஞ்சித் துவையல். காய்ச்சல் விட்டவனுக்கு முதல் சோறு மிளகு ரசத்தில். நம் சரக்குகளுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த வேலை சோற்றை உள்ளே இறக்குவது. இஞ்சி இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்குகிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பட்டை செய்வதற்கு நேர் எதிர். பாட்டி சொன்னதில் தப்பில்லை.

இந்தத் தீவின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் புரியும். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கு ரேஷன் என்றால் அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய். கரும்புத் தோட்டத்தில் விடிந்ததிலிருந்து வெட்டுகிற ஆளுக்கு அந்த அரிசி மலை வேண்டியிருந்தது. அதே அரிசியைத் தினமும் விழுங்க வைக்க ஒரு துண்டு புளி, நாலு மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை வேண்டியிருந்தது. இன்று கரும்பு வெட்டும் வேலைக்கு இயந்திரம் வந்துவிட்டது. நாங்கள் எபென் பக்கம் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கணினி பார்க்கிறோம். சட்டினியும் அச்சாரும் பழைய வேலையை மறக்கவில்லை. இரண்டு தால்பூரி சாப்பிட நினைத்தவரை நாலு சாப்பிட வைக்கிறது அந்தக் கொத்தமல்லிச் சட்டினிதான்.

மிளகாய்க்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2011இல், மிளகாய் விரும்பிச் சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் சேர்த்து 25 பேருக்கு உணவில் 1 கிராம் மிளகாய்த்தூள் கொடுத்துப் பார்த்தார்கள். மிளகாய் பழகாதவர்களுக்குப் பசி கொஞ்சம் அடங்கியது. பழகியவர்களிடம் அந்த அளவுக்குத் தெரியவில்லை. பால் குடி மறந்ததும் காத்தோ பிமான் என்ற மிளகாய் வடையைக் கடிக்க ஆரம்பிக்கிற ஊரில் இந்த வைத்தியம் யாரிடம் பலிக்கும்?

பசியை, சரியாகச் சொன்னால் இனிப்பு ஆசையை, உண்மையாகவே அடக்குகிற இலை ஒன்றை நான் வாயில் போட்டுப் பார்த்திருக்கிறேன். சிறுகுறிஞ்சான். அம்மா வீட்டு வேலியில் படர்ந்திருக்கும். இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைக் கொட்டியதுபோல் நறநறவென்று இருக்குமே தவிர இனிக்காது. அதில் உள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரிகளைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடுகின்றன. அரை மணி, ஒரு மணியில் சரியாகிவிடும். அந்த நேரத்துக்குள் லட்டு நீட்டினால் கை போகாது. ருசியைக் கூட்டுகிற சரக்கு பசியைக் கூட்டுகிறது, ருசியைப் பிடுங்குகிற இலை பசியைக் குறைக்கிறது. இவ்வளவு நேரடியான கணக்கு மருத்துவத்தில் அடிக்கடி கிடைக்காது. ஆனால் தினமும் மூன்று வேளை நாக்கைக் கட்டிப்போட்டு எவராலும் வாழ முடியாது.

இடையில் அலூடா பற்றி ஒரு வார்த்தை. சந்தையில் கண்ணாடித் தம்ளரில் பால், கடல்பாசி, மேலே மிதக்கும் கறுப்பு விதை. அந்த விதை நம் சப்ஜா, இங்கே துக்மாரியா. வெந்தயம்போலவே நீரில் ஊறி வழவழப்பாக உப்பும், வயிற்றை நிறைக்கும். எவ்வளவு நல்ல சரக்கு, அதைக் கொண்டுபோய்ச் சர்க்கரைப் பாகில் முக்கிவிட்டார்கள். நானும் குடிப்பேன், வருஷத்துக்கு ஒன்றிரண்டு.

மார்கோஸ் பற்றி இந்தத் தீவிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில், எலியின் குடல் துண்டை வைத்துப் பாகற்காய்ச் சாறு குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறதென்று காட்டினார்கள். அந்தக் குழுவில் இருந்த அமீனா குரிப் ஃபாக்கிம், தீவின் மூலிகைகளை ஆராய்ந்து தொகுத்தவர், பின்னாளில் 2015 முதல் 2018 வரை நாட்டின் ஜனாதிபதி. மூலிகை ஆராய்ச்சியாளர் ஜனாதிபதியானதில் இங்கே திசான் கடைக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எலிக் குடலிலிருந்து மனிதனுக்கு வரும்போது கதை மெலிகிறது. தாய்லாந்தில் 2011இல் வெளியான ஆய்வில், நாளைக்கு 2 கிராம் காய்ந்த பாகற்காய்த் தூள் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்தது. ஆனால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை 1000 மில்லிகிராம் குறைத்த அளவுக்கு இல்லை.

மெட்ஃபார்மினும் ஒரு செடியிலிருந்து தொடங்கிய கதைதான். கலேகா என்று ஐரோப்பாவில் ஒரு ஊதாப்பூச் செடி. அதிலுள்ள கலெஜின் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் செடியை மேய்ந்த ஆடுகள் செத்துப்போகும் அளவுக்கு விஷம். அந்த வேதிக் குடும்பத்திலிருந்து பாதுகாப்பான ஒன்றைத் தேடித் தேடி, 1957இல் பாரிசில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். திசான் கடையில் "மாத்திரை ரசாயனம், இது இயற்கை" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த ஆடுகள்தான் ஞாபகம் வரும். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சடித்திருக்கிறது. பொட்டலத்தில் அது கிடையாது.

பொட்டலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2008இல் சிங்கப்பூரில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனைக்கு வந்தார்கள், நாலு பேர் இறந்தார்கள். ஆண்மைக்கு என்று விற்ற கள்ள மாத்திரையிலும் மூலிகை மருந்திலும் கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரை மாத்திரை கலந்திருந்தது. அதனால் "ஒரே வாரத்தில் சுகர் இறங்கிவிட்டது" என்று யாராவது ஒரு பொடியைப் புகழ்ந்தால் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம் வருகிறது. சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெந்தயத்தைக் கிராம் கணக்கில் ஆரம்பித்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்து இறக்கிவிடலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் கேட்காமல் தொட வேண்டாம்.

சரி, அடுப்படியில் நான் என்ன செய்கிறேன்? சரக்கின் பழைய வேலையை மாற்றவில்லை, ஆளை மாற்றிவிட்டேன். சாப்பிட வைக்கும் திறமை அதற்கு இருக்கிறது. அதைச் சோற்றுக்குச் செலவழிக்காமல் காய்க்கும் கீரைக்கும் செலவழிக்கிறேன். முருங்கைக்கீரையை இங்கே பிரேட் முரூம் என்று சாறாக வைப்பார்கள். அதில் பூண்டும் மிளகும் தாராளமாக விழும். மார்கோஸைப் புளி, வெந்தயம், மிளகாய் போட்டுச் சுண்ட வதக்கினால் என் கணவர் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார். அதே மனிதர் வெறும் அவித்த காயை முறைத்துப் பார்ப்பார். சோற்றோடு சேரும் குழம்பு மட்டும் முன்னைவிடச் சாதுவாக இருக்கும். அச்சார் ஜாடி மேஜையிலிருந்து அலமாரிக்குப் போய்விட்டது. கேட்டால் எடுத்துத் தருவேன்.

இன்னொன்று, சாப்பிடும் வரிசை. 2015இல் நியூயார்க்கில் சர்க்கரை நோயுள்ள 11 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், ஒரே சாப்பாட்டில் காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்டபோது சர்க்கரை ஏற்றம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. இதற்குக் கிராம் கணக்குகூடத் தேவையில்லை, காசும் செலவில்லை. வீட்டில் நாங்கள் இப்போது அப்படித்தான் சாப்பிடுகிறோம்.

காவடி முடிந்து கோயிலில் 'செத் கரி' போடும்போதுதான் சிக்கல். வாழையிலையில் பூசணி, பலாக்காய், வாழைக்காய், கீரை, ரசம் என்று ஏழு கறியும் வரும். ஆனால் முதலில் வருவது சோற்று வாளி. அத்தை போன தடவை இலையின் மேல் கையை விரித்து வைத்து மறித்துவிட்டார். பரிமாற வந்த பையனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன பாட்டி, சோறு வேண்டாமா?"

"வேணும்பா. கறி எல்லாம் போட்டு முடி, நான் சாப்பிடுறேன், அப்புறம் வா."

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனான். திரும்பி வரவே இல்லை. ரசத்தை இலையில் ஊற்றிக் குடிக்க முடியாமல் அத்தை விழிக்க, பக்கத்து இலைக்காரர் தன் சோற்றில் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தார்.